கொக்கு என்றால் கொக்கு மட்டும்தானா?

சென்ற இதழில் பழைய நாடகப் பாட்டுகளைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, பாட்டில் வரும் உவமை, உருவகம், மறைபொருள் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இந்த முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: பாட்டில் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டுமென்றால் நேராகவே சொல்லிவிடலாமே? எதற்கு நிலா, கொக்கு, தோணி என்று சுற்றி வளைக்கிறார்கள்? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: நேராகச் சொன்னால் பிடித்து உள்ளே போடுவார்கள் என்ற காலம் ஒன்று இருந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன். 1876இல் வெள்ளைக்கார அரசு நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசின் மேல் வெறுப்பை வளர்க்கிறது என்று அதிகாரிக்குத் தோன்றினால் போதும், நாடகத்தைத் தடுக்கலாம், மீறி நடித்தவரைத் தண்டிக்கலாம். ஆனால் வள்ளி திருமணத்தை யார் தடுப்பது? அது சாமி கதை. ஊருக்கு ஊர் திருவிழாவில் விடிய விடிய நடப்பது. வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் குருவியையும் கிளியையும் விரட்டுவாள், முருகன் வேடனாக வருவார், பெரியவர்கள் தூங்கி வழிந்தாலும் கதை தெரியும்.

அந்த மேடையில், பறவை ஓட்டுகிற அந்தச் சூழலில்தான் தியாகி விஸ்வநாததாஸ் ‘கொக்குப் பறக்குதடி பாப்பா’ என்று பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு. கொக்கு வெள்ளை நிறம். வேறெங்கிருந்தோ பறந்து வந்து நம் வயலில் இறங்குகிறது, கொத்துகிறது, வயிறு நிறைந்ததும் பறக்கிறது. இதில் யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. எழுதி எடுத்துப்போய்ப் படித்துப் பார்த்தால் பறவைப் பாட்டு.

இதில் நான் பல வருடம் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. கொக்கு தினை தின்னாது! அது மீனும் நண்டும் புழுவும் பொறுக்குகிற பறவை, தண்ணீர் நிற்கிற நெல்வயலிலும் கண்மாய்க் கரையிலும் நிற்கும். தினைப்புனத்தில் அதற்கு வேலை இல்லை. பட்டணத்துக்காரருக்கு இது உறைக்காமல் போகலாம், ஆனால் மேடைக்கு எதிரே மண்தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் வயல்காட்டு ஆட்கள். தினைக்கொல்லையில் கொக்கைக் கண்டதுமே ‘இது அந்தக் கொக்கு இல்லை’ என்று அவர்களுக்குப் பிடிபட்டிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். பொருந்தாத இடத்தில் ஒரு பொருளை வைப்பதே கேட்பவருக்குக் கொடுக்கும் குறிப்பு.

சரி, போலீசுக்குப் புரியவில்லையா? புரிந்தது. விஸ்வநாததாஸ் பலமுறை சிறைக்குப் போனவர். ஆகவே உருவகம் ஒளிந்துகொள்ள ஒரு மறைவிடம் என்று மட்டும் சொன்னால் பாதிதான் உண்மை. இன்னொரு பாதி இது: ‘வெள்ளையனே வெளியேறு’ என்று மேடையில் ஒருவர் சொன்னால் அது அவர் கருத்து. ‘கொக்கு’ என்று அவர் நிறுத்திக்கொண்டு, கேட்கிறவர் மனதுக்குள் ‘வெள்ளைக்காரன்’ என்று முடித்தால் அது கேட்டவரின் கருத்தாகிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அதே நொடியில் அதையே முடித்திருக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும். பேச முடியாத ஒரு கூட்டம் அந்த ஒரு வரியில் ஒன்றாகப் பேசிவிடுகிறது. நேராகச் சொல்லும் வாக்கியத்தால் இது நடக்காது, நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன்.

விஸ்வநாததாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருக்கும்போதே, முருகன் வேடத்தில், மயில் மேல் அமர்ந்தபடி உயிர்விட்டார். அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் இதையும் எழுதாமல் என்னால் விட முடிவதில்லை.

கேள்வி: உவமை, உருவகம், பிறிதுமொழிதல் மூன்றையும் வகுப்பில் நடத்துகிறேன். மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், மறந்துவிடுகிறார்கள். பாட்டு வழியாகச் சொல்ல ஏதாவது வழி உண்டா? (ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்)

பதில்: ஒரே பொருளை வைத்து முதல் இரண்டையும் காட்டுங்கள், மூன்றாவதற்குப் பிறகு வருகிறேன். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸ். அதற்கும் பாட்டு பாஸ்கரதாஸ்தான். கதை மிகப் பழைய காலத்துக் கதை, ஆனால் டி.பி. ராஜலட்சுமி அதில் ‘ராட்டினமாம் காந்தி கை பாணமாம்’ என்று பாடினார். காளிதாசன் காலத்தில் காந்தி எங்கே வந்தார் என்று அன்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

இப்போது கரும்பலகையில் எழுதுங்கள். ராட்டினம் பாணம் போன்றது என்றால் உவமை. இரண்டும் வேறு வேறு, ‘போல’ நடுவில் நிற்கிறது. ராட்டினமே பாணம் என்றால் உருவகம், நடுவில் நின்றது போய்விட்டது. இந்த மாற்றத்தில் கருத்தே மாறுகிறது என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். ‘போல’ என்றால் அது உண்மையில் ஆயுதம் இல்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிறது. ‘கை பாணம்’ என்று சொன்னதும் வீட்டுத் திண்ணையில் நூல் நூற்கிற பாட்டியும் போர்க்களத்தில் இருக்கிறாள்.

பிறிதுமொழிதலுக்கு ராட்டினம் உதவாது, ஏனென்றால் அங்கே சொல்ல வந்த பொருள் பாட்டில் இருக்கவே கூடாது. ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ என்ற குறள் உங்கள் பாடநூலிலேயே இருக்கும். மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும், அளவுக்கு மேல் ஏற்றினால் என்கிறார் வள்ளுவர். பகைவரைப் பற்றி ஒரு சொல் கிடையாது, ஆனால் அந்த அதிகாரத்தில் அது பகைவரைப் பற்றித்தான். இதைப் பாட்டாக வேண்டுமென்றால் கடுவெளிச் சித்தர் இருக்கிறார்:

நந்த வனத்தில்ஓர் ஆண்டி - அவன்
நாலாறு மாதமாய்க் குயவனை வேண்டிக்
கொண்டுவந் தான்ஒரு தோண்டி - மெத்தக்
கூத்தாடிக் கூத்தாடிப் போட்டுடைத் தாண்டி

முதலில் அர்த்தம் சொல்லாதீர்கள். சிரிக்கட்டும், கை தட்டிப் பாடட்டும். பானையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற ஆண்டி சிரிப்புக்குரியவன்தான். அப்புறம் ‘நாலும் ஆறும் எத்தனை?’ என்று மட்டும் கேளுங்கள். பத்து என்பார்கள். ‘பத்து மாதம் காத்திருந்தால் என்ன கிடைக்கும்?’ வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை ‘குழந்தை’ என்று சொல்லும். அதற்குப் பிறகு தோண்டி எது, குயவன் யார், போட்டு உடைத்தது எதை என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை, வரிசையாகத் தானே விழும். நான் சின்ன வயதில் இதை விளையாட்டுப் பாட்டாகப் பாடியவன். சாவு வீட்டில் ஒரு பெரியவர் இதை முணுமுணுத்ததைக் கேட்ட அன்றுதான் எனக்கு அந்தத் தோண்டி உடைந்தது.

கேள்வி: ‘வீடு வரை உறவு’ பாட்டு பட்டினத்தாரிடமிருந்து எடுத்தது என்று என் நண்பர் சொல்கிறார். அப்படியென்றால் கண்ணதாசனுக்கு அதில் என்ன பெருமை? (வாசகர், காரைக்குடி)

பதில்: எடுத்தது உண்மை. பட்டினத்தார் பாடல் இது: ‘அத்தமும் வாழ்வும் அகத்து மட்டே, விழி அம்பொழுக மெத்திய மாதரும் வீதி மட்டே, விம்மி விம்மி இரு கைத்தலம் மேல்வைத்து அழும் மைந்தரும் சுடுகாடு மட்டே, பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே.’ காசு பணம் வீட்டோடு, மனைவி தெருவோடு, பிள்ளைகள் சுடுகாட்டோடு.

இந்த உருவகத்தை இருவருமே கற்பனையில் இருந்து எடுக்கவில்லை என்பதைப் பாருங்கள். பாடை போகிற வழிதான் பாட்டு. பெண்கள் தெருமுனையில் நின்றுவிடுவதும் மகன்கள் காடு வரை போவதும் வழக்கம், இன்றும் பல ஊர்களில் அப்படித்தான். அந்தத் தூரத்தையே அன்பின் அளவுகோலாக ஆக்கியதுதான் வித்தை.

1962இல் பாத காணிக்கை படத்துக்காகக் கண்ணதாசன் இதில் இரண்டு இடத்தில் கை வைத்தார். ஒன்று, வீட்டில் நின்றுபோவது பட்டினத்தாரிடம் செல்வம், கண்ணதாசனிடம் உறவு. வீட்டு வாசலைத் தாண்டாதது பணம் என்றால் வலிக்காது. சொந்தக்காரர்கள் என்றால் வலிக்கும். இரண்டாவதுதான் பெரியது. பட்டினத்தார் கேள்விக்குப் பதிலும் சொல்லிவிடுகிறார், கூட வருவது புண்ணியமும் பாவமும் என்று. அவர் துறவி, அவருக்கு விடை தெரியும். கண்ணதாசன் ‘கடைசி வரை யாரோ’ என்று விட்டுவிடுகிறார். அந்த ‘யாரோ’வில் விடை இல்லை. விடை தெரிந்தவரின் பாட்டும் விடை தெரியாதவரின் பாட்டும் ஒரே பாதையில் நடந்து, கடைசி அடியில் பிரிகின்றன. உங்கள் நண்பரிடம் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துக் காட்டுங்கள், பெருமை எங்கே இருக்கிறது என்று அவரே சொல்வார்.

கேள்வி: ‘அத்திக்காய் காய் காய்’ பாட்டில் ஏதாவது ஆழமான கருத்து உண்டா? (வாசகி, கோவை)

பதில்: கருத்தைவிடச் சொல்விளையாட்டுதான் அதில் அதிகம். நிலவைப் பார்த்து ‘அத்திக்காய்’ என்பதில் அத்திக்கு ஆய், அந்தப் பக்கமாய்க் காய், ‘இத்திக்காய் காயாதே’ என்றால் இந்தப் பக்கம் காயாதே. காதலர்களுக்குள் ஊடலும் கெஞ்சலும், அவ்வளவே. சிலேடைக்குப் பெயர்போன காளமேகப் புலவரின் வழியில் வந்த பாட்டு, காது குளிர ரசியுங்கள். எல்லாப் பாட்டிலும் தோண்டித் தோண்டித் தத்துவம் தேட வேண்டாம்.

கேள்வி: என் மாமியார் பாடும் தாலாட்டில் ‘மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே’ என்று வருகிறது. பூவால் அடித்தால் குழந்தைக்கு வலிக்குமா? அன்பைச் சொல்லத்தானே இந்த வரி? (இல்லத்தரசி, தேனி)

பதில்: வலிக்காதுதான். ஆனால் எந்தப் பூ யார் கையில் என்று பாருங்கள் அம்மா. தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடுகிறவள் குழந்தையின் தாய். மாமன் அவள் கூடப் பிறந்தவன், அவன் கையில் மல்லிகை. அத்தை அவள் புருஷன் கூடப் பிறந்தவள், நாத்தனார், அவள் கையில் அரளி. அரளி பார்க்க அழகு, சாமிக்கும் கட்டுவோம், ஆனால் விஷம், கிராமத்தில் அரளி விதை என்றாலே பெரியவர்கள் முகம் மாறும்.

மோனைக்காக வந்தது என்று சிலர் சொல்வார்கள். அத்தைக்கு ‘அ’ வேண்டும், அதனால் அரளி. ஆனால் அல்லி என்று போட்டாலும் மோனை கெடாதே! அல்லி இருக்க அரளியை எடுத்த அந்தப் பெயர் தெரியாத பெண், வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை அதில் வைத்துவிட்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. புகுந்த வீட்டில் நாத்தனாரைப் பற்றி ஒரு சொல் சொல்ல முடியாது. நடுவீட்டில் உட்கார்ந்து குழந்தைக்குப் பாடலாம். மாமியார் காதில் விழுந்தாலும் அது தாலாட்டு. சட்டத்துக்குப் பயந்து கொக்கு என்றவரும், வீட்டுக்குப் பயந்து அரளி என்றவளும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். முடிந்தால் உங்கள் மாமியார் பாடுவதை முழுதாகப் பதிவு செய்து வையுங்கள், ஒரு வரிகூட விடாமல்.

கேள்வி: தமிழில் மட்டும்தான் இப்படியா, மற்ற மொழிப் பாட்டுகளிலும் உண்டா? (வாசகர், சென்னை)

பதில்: எங்கும் உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஏபெல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர் எழுதி 1937இல் கவிதையாக அச்சான ஒன்றை, 1939இல் பில்லி ஹாலிடே என்ற கறுப்பினப் பாடகி நியூயார்க்கில் பாடினார். ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட், விசித்திரமான பழம் என்று பொருள். தெற்குப் பகுதி மரங்களில் ஒரு பழம் தொங்குகிறது என்று தொடங்கும். வெள்ளையர் கும்பல் அடித்துக் கொன்று தூக்கில் தொங்கவிட்ட கறுப்பின மக்களின் உடல்கள்தான் அந்தப் பழம்.

கொக்குப் பாட்டுக்கு இது நேர் எதிர். இங்கே உருவகம் எதையும் மறைக்கவில்லை. மரம், காற்று, பூவின் மணம் என்று கிராமத்து அழகைக் காட்டி உள்ளே கூட்டிப்போய், அடுத்த அடியிலேயே கருகும் சதையின் நாற்றத்தை மூக்கில் ஏற்றுகிறது. முகம் திருப்பிக்கொள்ள நேரம் கொடுப்பதில்லை. கடைசியில் அந்தப் பழத்தை விளைச்சல் என்று முடிக்கிறார்கள். விளைச்சல் என்றால் யாரோ விதைத்திருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். ஒரு சொல்லில் குற்றவாளிக் கூண்டு எவ்வளவு பெரிதாகிவிட்டது பாருங்கள்.

கேள்வி: நல்ல உவமையால் தவறான கருத்தும் மனதில் ஏறிவிடுமா? (வாசகி, மதுரை)

பதில்: நிச்சயமாக ஏறும். இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். 1973இல் வந்த சூரியகாந்தி படத்தில் ‘பரமசிவன் கழுத்திலிருந்து பாம்பு கேட்டது’ பாட்டு இருக்கிறதே, கண்ணதாசன் எழுதியது, எனக்கு மனப்பாடம். இடம்தான் ஒருவருக்கு மதிப்புத் தருகிறது என்பதைப் பாம்பையும் கருடனையும் வைத்து ஒரே வரியில் சொன்னதற்கு ஈடே இல்லை. ஆனால் அதே பாட்டில் ‘வண்டி ஓடச் சக்கரங்கள் இரண்டு மட்டும் வேண்டும், அந்த இரண்டில் ஒன்று சிறியதென்றால் எந்த வண்டி ஓடும்’ என்று வருகிறது. படத்தில் மனைவி கணவனைவிட அதிகம் சம்பாதிக்கிறாள், அவன் மனம் குமைகிறது.

கேட்கும்போது ஆமாம் என்று தலை ஆடிவிடும். வண்டியைப் பொறுத்தவரை அது உண்மைதானே, ஒரு சக்கரம் சிறியதென்றால் ஓடாது. ஆனால் சம்பளத்தைச் சக்கரத்தின் அளவாக வைத்தது யார்? அன்பையோ பொறுப்பையோ சக்கரமாக வைத்தால் அந்த வண்டி நன்றாகவே ஓடும். மனைவி பத்தாயிரம் கூடுதலாக வாங்கும் எத்தனையோ வீடுகள் நிம்மதியாக நடக்கின்றன. அந்தக் கதாபாத்திரத்தின் வலிக்கு அந்த வரி பொருத்தம், நம் வீட்டுச் சட்டமாக எடுத்துக்கொள்ளத்தான் கூடாது. உவமை சாட்சி சொல்வதில்லை, வாதத்துக்கு அழகான உடை போடுகிறது. அதனால் ஒரு வரி மிக எளிதாக மனதில் ஏறுகிறதென்றால் நான் ஒருமுறை நின்று, இதில் எதை எதோடு ஒப்பிட்டார்கள், அந்த ஒப்பீட்டை நான் ஒப்புக்கொள்கிறேனா என்று கேட்டுக்கொள்வேன்.

கேள்வி: நானும் பாட்டு எழுதுகிறேன். அம்மாவைப் பற்றி எழுதிய ஒன்றை இணைத்திருக்கிறேன். ‘அம்மா ஒரு மெழுகுவர்த்தி, தன்னை உருக்கி ஒளி தந்தாள்’ என்று தொடங்குகிறது. நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஆனால் யாருக்கும் கண் கலங்கவில்லை. என்ன குறை? (இளைஞர், திருப்பூர்)

பதில்: தம்பி, மெழுகுவர்த்தி ஆயிரம் மேடைகளில் எரிந்து முடிந்துவிட்டது. முதலில் சொன்னவருக்கு அது கண்ணால் கண்டது, உங்களுக்கு அது காதால் கேட்டது. அதுதான் குறை, வேறெதுவும் இல்லை. சந்தம் உங்களுக்கு நன்றாக வருகிறது.

குறுந்தொகையில் 40ஆம் பாடல். நம் இருவர் தாயும் யாரோ, தந்தையும் யாரோ, ஆனாலும் ‘செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்கிறான் தலைவன். எழுதியவர் பெயர் தெரியாமல் அந்த உவமையையே பெயராக்கி செம்புலப்பெயனீரார் என்று கூப்பிடுகிறோம். அதில் என்ன பெரிய கற்பனை இருக்கிறது? செம்மண் காட்டில் மழை பெய்தால் ஓடுகிற தண்ணீர், அவ்வளவுதான். ஆனால் அவர் அதைக் குனிந்து பார்த்திருக்கிறார். மழைக்கு நிறமில்லை, மண்ணில் விழுந்த நொடியில் அது சிவப்பு, அப்புறம் எது மழை எது மண் என்று யாராலும் பிரித்துக் கொடுக்க முடியாது. அந்தப் பாடலின் முதல் வரி 1997இல் இருவர் படத்தின் ‘நறுமுகையே’ பாட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

உங்கள் அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை செய்வதாகக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பாட்டில் அதைக் காணவில்லை! நாள் முழுக்க யாரோ போடப்போகிற சட்டையைக் கையில் எடுத்து, தையல் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ஒவ்வொன்றாகச் சின்னக் கத்தரியால் நறுக்கித் தள்ளுகிறார். சட்டை கப்பலேறிப் போகிறது. நூல் துணுக்கு அவர் புடவையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. நீங்கள் எத்தனை தடவை அதைத் தட்டிவிட்டிருப்பீர்கள்? எந்தக் கலர் நூல், அன்றைக்கு என்ன சட்டை என்று அம்மாவிடம் இன்று ராத்திரி கேளுங்கள். கத்தரி பிடித்த விரலையும் பாருங்கள். அதற்குப் பிறகு எழுதியதை எனக்கு அனுப்புங்கள், மெழுகுவர்த்தி வரியை அடித்துவிட்டு.